அத்திக்கு வந்த குளவி

அக்காவுக்கு மரம், தம்பிக்குப் பூச்சி. ஒரே அருங்காட்சியகத்தில் அடுத்தடுத்த அறைகளில் வேலை. சிறு வயதிலிருந்தே எலியும் பூனையும்தான். அத்தி மரத்தையும் அத்திக் குளவியையும் ஒப்பிட்டு, "யார் பெரியவர்?" என்ற தலைப்பில் பார்வையாளர்களுக்கு ஒரு விளக்கப் பலகை எழுதித் தரும்படி இயக்குநர் இருவரையும் சேர்த்துவிட்டார்.

"மரத்துக்கு நூறு வருஷ ஆயுசு. உன் குளவிக்கு ரெண்டு நாள். இதுல ஒப்பிட என்னடா இருக்கு?" என்றாள் அக்கா.

"அந்த ரெண்டு நாள் வேலை நடக்கலைன்னா நூறு வருஷமும் வீண்தான். முற்றத்துல நிக்கிற உன் மரத்தையே பாரு."

அவளுக்குச் சுருக்கென்றது. முற்றத்து அத்தியை யாரோ எப்போதோ கடல் கடந்து கொண்டுவந்து நட்டிருந்தார்கள். அத்தியின் பூக்கள் காய்க்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதற்கென்றே உள்ள குளவி நுழைந்தால்தான் மகரந்தம் சேரும். அந்தக் குளவி இந்த ஊரில் இல்லை. மரம் காய்க்கும், உதிர்க்கும், விதை முளைக்காது, அவ்வளவுதான். வருடாவருடம் விதைத்துப் பார்த்து அலுத்துப்போய்க் கைவிட்டிருந்தாள்.

பலகைக்குப் படம் வரைகிறவர் மாதிரிக்கு ஒரு பழம் கேட்டார். மரத்தடியில் பொறுக்கியதில் ஊசி முனையளவு ஓட்டை. பிட்டுப் பார்த்தாள். எள்ளைவிடச் சின்னதாக ஏதோ நெளிந்தது. நேரே தம்பியின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

"உன் ஆளுங்க என் பழத்தையும் சொத்தையாக்கிட்டாங்க."

அவன் நுண்ணோக்கியில் குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை.

"அக்கா, இது அதேதான். இந்த மரத்தோட குளவி."

"இங்க எப்படிடா வரும்?"

"காத்துல வந்திருக்கும். பக்கத்துல எங்கயோ இதே மரம் இருக்கணும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "சரி, 'நான்தான் ஜெயிச்சேன்'னு சொல்லிக்கோயேன்."

"சொல்ல வாய் வரலைக்கா. நீயே வந்து பாரு."

விதைகளைக் கழுவி ஈரத்தாளில் பரப்பினார்கள். எத்தனையோ தடவை ஏமாந்தவள் என்பதால் அவள் நம்பிக்கை வைக்கவில்லை. ஆனாலும் காலையில் பூட்டைத் திறந்ததும் முதலில் அங்கேதான் போனாள். ஒருநாள் தட்டில் பச்சைப் புள்ளிகள். தம்பியின் அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

பலகையில் "யார் பெரியவர்?" என்றிருந்த தலைப்பை இருவருமாகக் கோடு போட்டு அடித்தார்கள். புதுத் தலைப்புக்கு இன்னும் சண்டை ஓயவில்லை. நாற்றுகள் அதற்குள் இரண்டாம் இலை விட்டுவிட்டன.