வரியைக் காட்டு

என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். பத்தியைப் படித்து என்ன பதில் எழுதினாலும், அதற்கு ஆதாரமான வரியின் கீழே பென்சிலால் கோடு போட வேண்டும். "எனக்கு அப்படித் தோணுச்சு டீச்சர்" என்று யாராவது இழுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோன்றுவதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது.

இப்படிச் சட்டம் பேசுகிற நான்தான், இரண்டு வார வேலை என்று கிளம்பிய கணவருக்காக நான்கு மாதமாகக் காத்திருந்தேன். அவர் போனை எடுப்பதில்லை. யாராவது கேட்டால், "வேலை இழுத்துட்டே போகுது, வந்துடுவார்" என்பேன். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான். சமையல் மட்டும் இப்போதும் மூன்று பேருக்குத்தான். எனக்கு அழுகை வரவில்லை. மரத்துப்போயிருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், நோட்டுத் திருத்தினேன்.

அன்றைய பத்தியில் ஓர் அப்பா பெட்டி கட்டிக்கொண்டு கிளம்புகிறார். அவர் சீக்கிரம் திரும்புவாரா என்பது கேள்வி. "பத்தே நாள்தான்" என்று அவர் சொல்லும் வரியில் எல்லோரும் கோடு போட்டிருந்தார்கள். விடைக்குறிப்பிலும் அதுதான். எந்நேரமும் எதையாவது கொறிப்பதால் 'அணில்' என்று பெயர் வாங்கிய கடைசி பெஞ்ச் பெண் மட்டும், 'திரும்ப மாட்டார்' என்று எழுதியிருந்தாள்.

"வரியைக் காட்டு" என்றேன்.

இரண்டு இடத்தில் கோடு இருந்தது. தொடக்கத்தில், 'கோடை ஆரம்பித்திருந்தது.' நடுவில், 'கம்பளிச் சட்டையையும் எடுத்து வைத்தார்.'

"வெயில் காலத்துல பத்து நாளைக்கு எதுக்கு டீச்சர் கம்பளி?"

"அவரே பத்து நாள்னு சொல்றாரே."

"சொல்றாரு டீச்சர். ஆனா எடுத்து வச்சிருக்காரே."

வகுப்பு சிரித்தது. நான் அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு கணவரின் மேசை இழுப்பறையைத் திறந்தேன். ஆள் இல்லாதபோது குடைவது நாகரிகமில்லை என்று இத்தனை நாள் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய பில்கள், பேனா மூடிகள் எல்லாம் அப்படியே கிடந்தன. மாமனாரின் கைக்கடிகாரம் மட்டும் இல்லை. அது ஓடாமல் நின்று பல வருடமாகிறது. கணவர் அதைக் கட்டியதும் இல்லை, அடுத்தவரைத் தொட விட்டதும் இல்லை. இரண்டு வார வேலைக்கு ஓடாத கடிகாரம் எதற்கு?

மாமியார் கதவருகில் நின்றிருந்தார்.

"வாட்ச் இல்ல அத்தை."

"ம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"அவன் கெளம்புன அன்னிக்கு சாயங்காலமே பாத்துட்டேன்மா."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அப்புறம் ஏன் வந்துடுவார்னு சொல்லிட்டே இருந்தீங்க?"

"நீதான் சொன்னே. நான் உம் கொட்டினேன்."

யோசித்துப் பார்த்தேன். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததாக நினைவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீயும் பொட்டியக் கட்டிடுவியோன்னு பயம்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் இழுப்பறையை மூடினேன்.

"நாளையிலேர்ந்து ரெண்டு பேருக்கு மட்டும் சமைச்சாப் போதும் அத்தை" என்றேன்.