நீலமா சிவப்பா

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. உள்ளங்கையை விடச் சின்னது. வெள்ளைத் தாளின் நட்டநடுவே கருப்பாக ஒரு வட்டத் தடம். கோல்ஃப் மட்டையின் முகத்தில் பந்து பட்ட இடம் அது. ஒட்டிய நாளிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதற்கு முன்னால் நிறுத்தினார். வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்க வந்தவர்கூடத் தப்பவில்லை.

"பாத்தீங்களா? நடு சென்டர்! சிவப்புல அடிச்சேன். ஒண்ணு மேல ஒண்ணு, அத்தனையும் ஒரே எடத்துல!"

ரிப்பேர்காரர் பாவம், கையில் ஸ்க்ரூடிரைவரோடு தலையாட்டினார்.

அந்தப் பந்துகளை அடித்தது நான்.

இதைச் சொல்லத்தான் அந்த வாரம் முழுக்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே நின்றதுதான் மிச்சம். என் கணவருக்கு ஒரு வியாதி உண்டு. நான் ஒரு வாக்கியத்தின் பாதிக்கு வந்ததும் மீதி தனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்பார். அத்தோடு சரி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கை நீட்ட மாட்டார், குரல் உயர்த்த மாட்டார், சமைக்கக்கூடச் செய்வார். ஆனால் கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் வாக்கியம் ஒன்றாவது முற்றுப்புள்ளியைப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எங்கள் கார்களில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். நான் "நிறுத்துங்க" என்றால் மீசை வைத்த ஆம்பிளைகளும் நடுங்கி நிறுத்துவார்கள். நாளெல்லாம் ஊருக்குப் பிரேக் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், என் பேச்சுக்கு ஒருவர் பிரேக் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்ய!

நடந்தது இதுதான். அவருடைய பழைய அயர்ன் செட் தேய்ந்துபோயிற்று. இரும்புத் தலை வைத்த மட்டைகளைத்தான் அப்படிச் சொல்வார்கள். புது செட் வாங்குவதென்றால் சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி ஆளுக்கு அளவெடுத்து, அடிக்கவிட்டுப் பார்த்து, மட்டையின் தண்டை அந்த அளவுக்கு வெட்டித் தருகிற கடை ஒன்று இருக்கிறது. அவர் எப்போதும் போகிற கடைதான். ஒரு சனிக்கிழமை அங்கே போனோம். அவர் முன்னே, அவருடைய பையைத் தள்ளிக்கொண்டு நான் பின்னே. ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்திலும் எங்கள் வரிசை அதுதான்.

கடையின் பின்னறையில் பச்சைப் பாய், எதிரே பெரிய திரை, பந்து விழுகிற இடத்தைப் புள்ளி புள்ளியாகக் காட்டும் கருவி. அளவெடுப்பவர் கழுத்தில் எப்போதும் ஒரு அளவு டேப் தொங்கும். நாங்கள் அவரை டேப்காரர் என்றே சொல்வோம். கம்பெனிப் பெயரைப் பார்த்து யாரும் மயங்கிவிடக் கூடாது என்று மட்டைகளின் பெயரை மறைத்து அவர் கலர் டேப் ஒட்டிவிடுவார். அன்றைக்கு இரண்டு செட். நீலம், சிவப்பு.

நீலம் தடித்த தலை. ஓரத்தில் பட்டாலும் பந்து எப்படியோ போய்ச் சேரும். சிவப்பு ஒல்லி. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் நடுவில் படாவிட்டால் கைக்குள் சுரீரென்று ஏறும்.

அவர் இரண்டிலும் அடித்தார். நீலத்தில் சுமாராக விழுந்தது. சிவப்பில் கோழி கிளறிய குப்பைதான். திரையில் எங்கே பார்த்தாலும் புள்ளி. டேப்காரர் திரையைத் துடைத்துப் புள்ளிகளை அழித்தார். சிவப்பில் லேசான தண்டு ஒன்றை மாட்டி, முகத்தில் புது ஸ்டிக்கர் ஒட்டி, "இத அடிச்சுப் பாருங்க சார், இதவிட லேசா ஒண்ணு உள்ள இருக்கு, தேடி எடுத்துட்டு வந்துடறேன்" என்று கிடங்குக்குள் போனார். என் கணவர் அதில் ஒரே ஒரு தடவை வீசினார், பந்தில் படவேயில்லை. அதற்குள் ஆபீஸிலிருந்து போன் வந்துவிட்டது. "சும்மா நில்லு, வந்துடறேன்" என்று வெளியே போனார்.

சும்மா நிற்க எனக்கு இஷ்டமில்லை. கைப்பையை நாற்காலியில் வைத்தேன்.

நான் ஒன்றும் மட்டையைப் புதிதாகப் பிடித்தவளில்லை. பயிற்சி மைதானத்தில் அவருக்கு போன் வரும்போதெல்லாம் கூடையில் பாதிப் பந்தை அடிப்பது நான்தான். அவர் திரும்பி வரும்போது கூடை காலியாக இருக்கும். "அதுக்குள்ள தீந்துடுச்சா?" என்பதோடு சரி, யார் அடித்தது என்று கேட்டதில்லை. உயரத்திலும் அவரைவிட நான் ஒரு விரல் அதிகம். சிவப்பை எடுத்தேன், நின்றேன், அடித்தேன்.

கையில் ஒன்றுமே படவில்லை. பந்து மட்டும் போய்விட்டது. அடடா, அந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! இன்னொன்று. இன்னொன்று. திரையில் புள்ளிகள் திராட்சைக் கொத்து மாதிரி ஓரிடத்தில் சேர்ந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தனியாக நின்று சிரித்தேன். கடைசிப் பந்துக்கு அப்புறம் மட்டையைச் சாய்த்து வைத்துவிட்டுப் பையை எடுக்கக் குனிந்தேன். அந்த நேரம் பார்த்து இருவரும் ஆளுக்கொரு கதவு வழியாக உள்ளே வந்தார்கள்.

"சார்!" என்றார் டேப்காரர். "கொத்தா விழுந்திருக்கே! தூரம் கொஞ்சம் கொறச்சல்தான், ஆனா நேர் தப்பல. ஸ்டிக்கரப் பாருங்க, எல்லாம் நடுவுல."

என் கணவர் திரையைப் பார்த்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார். ஒரு நிமிஷம் முகத்தில் குழப்பம் ஓடியது. அப்புறம் குழப்பம் போய்ப் பெருமை வந்து உட்கார்ந்தது.

"தண்ட மாத்துனதும் கை தானா போச்சுங்க. நிதானமா அடிச்சேன், அதான் தூரம் கொறஞ்சிருக்கு."

"என்னங்க, அது நீங்க இல்ல, நா—"

"புரிஞ்சுது, புரிஞ்சுது. அது நானே இல்லன்னு எனக்கே தோணுது!"

ஸ்டிக்கரைப் பக்குவமாக உரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டேப்காரர், "யோசிச்சு அடுத்த சனிக்கிழமை சொல்லுங்க. உங்க அளவுக்கு வெட்டிட்டா அப்புறம் திருப்பி எடுக்க முடியாது" என்றார். காரில் நான்தான் ஓட்டினேன். வழியில் மறுபடி ஆரம்பித்தேன். "அந்தச் சிவப்புல அடிச்சது வந்து—" "புரிஞ்சுது. உனக்கும் சிவப்புதான் பிடிச்சிருக்கு." சிக்னல் விழுந்தது. நான் பிரேக்கை மிதித்த மிதியில் அவர் நெற்றி முன்னால் போய் வந்தது. அதற்கும் டயரைத்தான் குறை சொன்னார்.

எனக்குப் பாராட்டு வேண்டாம், கைத்தட்டல் வேண்டாம். அந்தச் சிவப்பு எனக்கு வேண்டும். அடுத்தவர் பையைத் தள்ளாமல் என் பையைத் தள்ளிக்கொண்டு மைதானத்தில் நடக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு முன் "எனக்கும் ஒரு செட்" என்று தொடங்கியபோது, "புரிஞ்சுது, பாக்கலாம், பாக்கலாம்" என்றவர், இன்றுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். இப்போது நான் அடித்ததை வைத்தே அந்த மட்டைகளைத் தன் அளவுக்கு வெட்டப் போகிறார். ஆத்திரத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டிலே வேறு பேச்சே இல்லை. நீலமா சிவப்பா, சிவப்பா நீலமா. சாப்பாட்டு மேஜையில் கரண்டி நீலமாம், கத்தி சிவப்பாம். என் தம்பிக்கு போன் போட்டார். "மச்சான், மனசு சிவப்புங்குது, புத்தி நீலங்குது." ஸ்பீக்கரில் தம்பி, "அக்காகிட்ட கேட்டீங்களா அத்தான்?" என்றான். என் தம்பி வாழ்க! "அவளுக்கு இதுல என்னடா தெரியும், அவளுக்கும் சிவப்புதான்" என்று இவர் வைத்துவிட்டார்.

பேசினால்தானே வெட்டுகிறார் என்று ஒரு நாள் மதியம் வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். அவர் போன் பேச வெளியே போனது, நான் பையை வைத்தது, அடித்தது, எல்லாம். உடனே ஒரு கட்டைவிரல் வந்தது. பாடம் கேட்க வந்தவரை ரிவர்ஸில் விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கேட்டேன்.

"மெசேஜ் படிச்சீங்களா?"

"ஆங், பாத்தேன் பாத்தேன். பால்தானே? வாங்கி வச்சுட்டேன்."

செவிடன் காதில் ஊதின சங்காவது சத்தம் போட்டிருக்கும். நான் பாலை எடுத்துக் காய்ச்சினேன். ஃப்ரிட்ஜ் கதவில் என் தடம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், இனிச் சொல்வதில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், சனிக்கிழமை அடிக்கட்டும், பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. கடைக்குள் நுழைந்ததுமே, "சிவப்பு! முடிவு பண்ணிட்டேன்" என்று அறிவித்தார். டேப்காரர் சந்தோஷமாக, "வெட்டறதுக்கு முன்னாடி கடைசியா நாலு பந்து அடிச்சிடுங்க சார், அளவ உறுதி பண்ணிக்கலாம்" என்றார். அதே லேசான தண்டு, புது ஸ்டிக்கர்.

முதல் பந்து வலது பக்கத் திரைச்சீலையில் போய் விழுந்தது. இரண்டாவது தரையோடு ஓடியது. மூன்றாவதில் "ஸ்ஸ்" என்று கையை உதறினார்.

"பாய் மாத்தியிருக்கீங்களா?"

"அதே பாய்தான் சார்."

"ஏசி முதுகுல அடிக்குது. பந்து வேற கம்பெனியா? இந்த ஷூ வேற புதுசு…"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. ஸ்டிக்கரில் முனையில் ஒன்று, அடியில் ஒன்று, மட்டைக் கழுத்துப் பக்கம் ஒன்று என்று தடங்கள்.

"அன்னிக்கு எல்லாம் நடுவுல விழுந்துச்சே சார்" என்று டேப்காரர் தலையைச் சொறிந்தார். "அன்னிக்கு என்ன வித்தியாசமா பண்ணீங்க?"

"அன்னிக்கு அவர் போன் பேசிட்டிருந்தாரு" என்றேன்.

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா. இது என்ன கியர் போடற வேலையா? ரொம்பத் தெரிஞ்சா நீ வந்து அடிச்சுக் காட்டேன்!"

சொன்னது நக்கலாகத்தான். ஆனால் சொல்லிவிட்டாரே! நான் கைப்பையை அவர் கையில் கொடுத்தேன். செருப்பைக் கழற்றினேன். டேப்காரர் திரையைத் துடைத்து வேறு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார். பாதத்துக்கடியில் பாய் சுரசுரவென்று இருந்தது. அத்தனை நாள் கோபமும் மட்டைப் பிடியில் ஏறியிருந்தது. கோபத்தோடு அடித்தால் கெட்டுப்போகும் என்று மூச்சை விட்டேன். அடித்தேன்.

கையில் ஒன்றுமே படவில்லை.

இரண்டாவது பந்து முதல் புள்ளியின் பக்கத்தில் விழுந்தது. மூன்றாவது அதை ஒட்டி. கூடையில் கிடந்ததையெல்லாம் அடித்தேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. முடித்துவிட்டு மட்டையைத் திருப்பி ஸ்டிக்கரைக் காட்டினேன். எங்கள் ஃப்ரிட்ஜில் இருப்பதன் இரட்டைப் பிள்ளை.

டேப்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்க்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார். என் கணவர் என் கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றார். முகத்தில் அந்தப் பழைய குழப்பம் திரும்பி வந்து, இந்தத் தடவை போகாமல் உட்கார்ந்துகொண்டது. ஸ்டிக்கரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

கேட்டீர்களா கதையை! என் தலைக்குள் ஏதோ அறுந்தது.

"சொல்லலியா? நான் சொல்லலியா? இங்கயே நின்னு சொன்னேன். கார்ல சொன்னேன். மெசேஜ்ல எழுதினேன், பால் வாங்கிட்டு வந்தீங்க! இத்தன வருஷமா உங்க கூடைல பாதிப் பந்த பேயா அடிச்சுச்சு? 'எனக்கும்'னு ஆரம்பிச்சா 'பாக்கலாம்'. 'நான்'னு ஆரம்பிச்சா 'புரிஞ்சுது'. என்னதாங்க புரிஞ்சுது உங்களுக்கு?"

"புரி—" என்று தொடங்கியவர், தானே நிறுத்திக்கொண்டார். பக்கத்து சீட்டு பிரேக் அன்றைக்குத்தான் வேலை செய்தது.

டேப்காரர் தொண்டையைச் செருமினார். "அப்ப… எந்த செட்டு வெட்டட்டும் சார்?"

"எனக்கு நீலம்" என்றார் கணவர், தரையைப் பார்த்து. குரல் சின்னதாகியிருந்தது. "சிவப்பு… அவங்களையே கேளுங்க."

அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும்கூட நான் காத்திருக்கவில்லை. பாயின் ஓரத்தில் போய் நேராக நின்றுகொண்டேன். டேப்காரர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார். கையைத் தொங்கவிடச் சொல்லி மணிக்கட்டிலிருந்து தரை வரைக்கும் அளந்தார். உள்ளங்கையை விரிக்கச் சொல்லி விரல் நீளம் பார்த்தார். அந்த அறைக்கு எத்தனை தடவை வந்திருப்பேன், எந்த டேப்பும் என் மேல் பட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாக இருந்தாலும் துடைக்கவில்லை.

"ஆர்டர் யார் பேர்ல?" என்று கேட்டுப் பேனாவை எடுத்தார்.

என் கணவர் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். மூடிக்கொண்டார்.

நான் என் பெயரைச் சொன்னேன். எழுத்து எழுத்தாக, நிதானமாக, முதலிலிருந்து கடைசி வரை. நடுவில் யாரும் பேசவில்லை.