மாடத்திலிருந்து விழுந்தவள்

பழைய நாடக அரங்கைச் சுற்றிக்காட்டுவது அவள் வேலை. கூரை ஓவியம், திரைச்சீலை எல்லாம் காட்டினாலும் வருகிறவர்கள் காத்திருப்பது ஆவிக்காகத்தான். அதைக் கடைசிக்கு வைத்திருப்பாள்.

"மேடையில ஒரு மாடம். கதாநாயகி அதுல நின்னு வசனம் பேசறா. நிஜ வாழ்க்கையில காதலன் கைவிட்ட சோகம். பேசிக்கிட்டே குதிச்சுட்டா. அங்கேயே உயிர் போயிடுச்சு. இன்னைக்கும் ஒப்பனை அறையில அவ நடக்கற சத்தம் கேட்கும்."

கடைசி வரி மட்டும் பிறர் சொல்லிக் கேட்டதல்ல. பட்டப்பகலில் அவளே கேட்டிருக்கிறாள்.

அன்று முன்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி கைத்தடியை ஊன்றி நிமிர்ந்தாள்.

"எந்தக் காதலன்? அப்ப இவ எனக்குக் கைக்குழந்தை. நான் சாகலைம்மா, இடுப்புதான் போச்சு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சுற்றிக்காட்டியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் அறையில் நடப்பது யார்?

எல்லாரும் போனபின் கிழவியின் அருகில் உட்கார்ந்தாள். "மன்னிச்சுக்குங்கம்மா. சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னேன்."

"உன்னைக் குத்தம் சொல்லலை. மாடத்துக் கைப்பிடி ஆடுதுன்னு முதலாளிகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன். காதுல போட்டுக்கலை. சாய்ஞ்சேன், அதோடயே கீழ போயிட்டேன். ஆஸ்பத்திரியில கிடக்கும்போதே, நானாவே குதிச்சுட்டேன்னு பரப்பிட்டாங்க. அப்புறம் செத்துட்டேன்னும் சொல்லிட்டாங்க. செத்தவ கேஸ் போட மாட்டாளே!"

"இங்கேர்ந்து ஒரு ஆள்கூட எட்டிப் பார்க்கலையாம்," என்றாள் மகள்.

"ஆவின்னு சொல்லு, பரவாயில்லை. ஒருத்தன் கைவிட்டதால குதிச்சவள்னு மட்டும் சொல்லாதே," என்றாள் கிழவி.

விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. "ஆள் உயிரோட இருக்குன்னா யார் வருவா? பழைய கதையே இருக்கட்டும்."

"சரி சார்" என்றுவிட்டாள். ஆனால் மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "பேயறைஞ்ச மாதிரி இருக்கியே?" என்றான் கணவன்.

மறுநாள் மேனேஜர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கைப்பிடி ஆடுதுன்னு அந்தம்மா சொன்னாங்க. யாரும் சரி பண்ணலை. விழுந்தாங்க. இப்பவும் உயிரோட இருக்காங்க."

"அப்ப ஆவி?" என்றார் ஒருவர்.

"சத்தம் கேட்கறது நிஜம். யாருன்னு எனக்குத் தெரியாது."

மேனேஜர் விருட்டென்று போய்விட்டார். கூட்டம் கலைந்ததும் அவள் கிழவியின் மகளுக்குப் போன் போட்டாள். கிழவி பிடுங்கிக்கொண்டது தெரிந்தது.

"சொன்னியா?"

"சொல்லிட்டேன்மா."

"கை தட்டினாங்களா?"

"இல்லை. யாரும் அசையக்கூட இல்லை."

"அப்ப நல்லாத்தான் சொல்லியிருக்கே."

ஆபீசிலிருந்து ஆள் வந்து நின்றான், மேனேஜர் கூப்பிடுகிறாராம். "வெச்சுடறேன்மா" என்று சொல்லிவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு அவன் பின்னால் நடந்தாள்.