காற்றுக்குப் போட்ட மார்க்

டெலஸ்கோப்பை இடுப்பில் தூக்கிக்கொண்டு பரிமளா மாடிப்படியில் பாதி ஏறியிருந்தபோது இரவிக்கைக்குள் இருந்த செல்போன் அடித்தது. கீழே, படிக்கு நேர் அடியில் இருக்கும் அறையிலிருந்து கணவர் ஜெயசீலன்தான் கூப்பிட்டார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் குரல் எழும்ப வேண்டுமே.

"மஞ்ச ஃபில்டர் எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துட்டேங்க."

"மானம் எப்படி இருக்கு?"

"இப்பத்தான ஏறிட்டு இருக்கேன். பேசாம படுங்க, மூச்சு வாங்குது பாருங்க."

மொட்டை மாடியில் கால் வைத்ததும் பார்த்தாள். அரியலூர் முழுக்கக் கம்பளியைப் போட்டு மூடியது மாதிரி மேகம். ஒன்பது நாளாக இதே கதைதான். ஜெயசீலனுக்குக் கணையத்தில் வந்த புற்றுநோய்க்கு இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருச்சி ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்தார்கள். அன்று பிடித்த கார்த்திகை மழை இன்னும் விட்டபாடில்லை. டாக்டரிடம் கெஞ்சலாம், சாமியிடம் அழலாம். மேகத்திடம் யார் போய் என்ன பேசுவது?

ஜெயசீலனுக்கு வேலை எடை மேடையில். சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் லாரிகளை நிறுத்தி எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பது. பகலெல்லாம் டன் கணக்கில் கல்லைப் பார்க்கிற மனிதருக்குச் சாயங்காலமானால் மாடிக்கு ஓட வேண்டும். நாலரை அங்குலக் கண்ணாடி வைத்த ஒரு சின்ன டெலஸ்கோப்; அதில் கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் பழைய வெப்கேமரா. முதன்முதலில் வெளிச்சத்தை வடிகட்டும் ஃபில்டர் வாங்க வழியில்லாமல், கல்யாண போட்டோ நெகட்டிவ் சுருளின் கறுத்த நுனியைக் கத்தரித்துக் கேமராவுக்கு முன்னால் ஒட்டினார். அதற்காகப் பரிமளா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. "நம்ம மூஞ்சி வுழாத துண்டுதாண்டி அது," என்று அவர் சொன்ன சமாதானம் மூன்றாம் நாள்தான் எடுபட்டது. அப்புறம் ரூபாய் நாணயம் அளவுக்கு மஞ்சளும் சிவப்புமாக மலிவு விலை ஃபில்டர்கள் ஒவ்வொன்றாகத் தபாலில் வந்தன.

ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் வீடியோ எடுப்பார். அதில் ஆயிரக்கணக்கில் படங்கள். காற்று அலைந்ததில் கலங்கிப்போனதையெல்லாம் கழித்து, தெளிந்த சிலவற்றை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கடைசியில் ஒரு படம் தேறும். எடுத்த விவரமெல்லாம் ஒரு லாங் சைஸ் நோட்டில் ஏறும். தேதி, நேரம், ஃபில்டர், கடைசியில் அன்றைய காற்றுக்குப் பத்துக்கு ஒரு மார்க். அந்த மார்க் விஷயத்தில் மகா கஞ்சன். நாலு, அஞ்சு. பதினைந்து வருஷத்தில் அதிகபட்சம் ஏழு.

அலமாரிக் கதவில் சனியின் எட்டுப் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன, வருஷத்துக்கு ஒன்று. முதல் படத்தில் வளையம் அகல விரிந்திருக்கும். வருஷம் ஏற ஏற ஒடுங்கிக்கொண்டே வரும். இந்தக் கார்த்திகையில் வெறும் கோடாகிவிடும், மறுபடி இப்படி ஆகப் பதிமூன்று பதினாலு வருஷம் செல்லும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது படத்துக்கு இடம்கூட விட்டுவைத்திருந்தார்.

"சனியன வூட்டுக்குள்ள ஒட்டி வெச்சா எப்படி வெளங்கும்? புள்ள இல்லாத வூடு வேற," என்று அவருடைய அண்ணன் மாயவன் வரும்போதெல்லாம் சொல்வார். நோய் என்று தெரிந்த அன்று பரிமளாவுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. எட்டுப் படத்தையும் உரித்து எடுத்துவிட்டுத் திருமழபாடி கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டு வந்தாள். ஜெயசீலன் கோபப்படவில்லை. "நூத்தி முப்பது கோடி கிலோமீட்டர் தள்ளி அது பாட்டுக்குச் சுத்துது. அதுக்கு நம்மள எங்க தெரியப்போவுது பரிமளா?" என்று மட்டும் கேட்டார். அது பயத்தைவிடப் பெரிய துக்கமாக இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக எட்டையும் திரும்ப ஒட்டினாள்.

ஆறே முக்கால் இருக்கும். தெற்கே மேகம் ஓரிடத்தில் கிழிந்தது. கிழிசலுக்குள் ஒற்றை வெளிச்சம். பரிமளா மஞ்சள் ஃபில்டரைத் திருகி, குழாயைத் திருப்பி, லேப்டாப் திரையில் வெளிச்சத்தைக் கொண்டுவருவதற்குள் முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. திரையில் ஒரு புள்ளி தண்ணீருக்கடியில் கிடப்பது மாதிரி நெளிந்தது. போன் அடித்தது.

"கெடச்சுதா?"

"கெடச்சுதுங்க. ஓடுது."

"கோடு தெரியுதா?"

பார்த்தாள். கோடு இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள், அப்போதும் இல்லை. சனி தலைக்கு மேலே, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து இருக்கும் என்று அவர் பத்து தடவை சொல்லியிருந்தது இப்போதுதான் உறைத்தது. இது எங்கோ தாழ இருந்தது. நிமிர்ந்தாள். தலைக்கு மேலே கன்னங்கரேலென்று மேகம்.

"தெரியுதுங்க," என்றாள்.

கிழிசல் மூடிக்கொண்டது. தூறலும் விழுந்தது. ஃபில்டரைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, தார்ப்பாயை டெலஸ்கோப்பின் மேல் போட்டுவிட்டு லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

ஜெயசீலன் வீடியோவை முழுசாகப் பார்த்தார். திரையின் வெளிச்சம் அவருடைய வற்றிப்போன முகத்தில் ஆடியது. பரிமளா அவர் முகத்தைப் பார்க்காமல் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"கெடச்சிருச்சு," என்றார். பிறகு, "மேல தனியா பயந்தியா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன பயம்."

"அந்த நோட்ட எடுத்துக் குடுத்துட்டுப் போ."

நோட்டையும் பேனாவையும் கொடுத்துவிட்டுக் கஞ்சி வைக்கப் போனாள். வலி மாத்திரை மயக்கத்தில் அவருக்கு எதுவும் சரியாகத் தெரிந்திருக்காது என்று நினைத்தாள். நினைக்கவே பொறுக்கவில்லை. காலையில் உண்மையைச் சொல்லிவிடலாம், நாளைக்கு வானம் விட்டால் சரியாக எடுத்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கஞ்சி இரண்டு ஸ்பூன்தான் இறங்கியது. விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் போய்விட்டார். கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். பிடித்துக்கொண்டிருந்து என்ன பயன்?

ஒன்பது மணிக்கு மாயவன் வந்து நின்றார். "பரிமளா, ஃப்ளெக்ஸ் கடைக்காரன் போட்டோ கேக்குறான்மா. தம்பி படம் ஒண்ணு நல்லதா குடு."

இல்லை. ஊரில் உள்ள கிரகத்தையெல்லாம் படம் பிடித்த மனுஷன் கல்யாணத்துக்கு அப்புறம் தன்னை ஒரு படம் எடுத்துக்கொள்ளவில்லை. பெரம்பலூரிலிருந்து பைக்கில் வந்திருந்தான் அறிவரசன். செல்போன் கடை வைத்திருக்கிறான். டெலஸ்கோப் வாட்ஸ்அப் குழுவில் பழக்கம். அவன்தான் லேப்டாப்பைத் திறந்து தேடினான். வியாழன், செவ்வாய், சனி, சனி, சனி. தலைமாட்டில் கிடந்த லேப்டாப் பைக்குள் கையை விட்டதில் எடை மேடையின் அடையாள அட்டையும் நோட்டும் வந்தன. அட்டையை மாயவன் வாங்கிக்கொண்டு போனார். அறிவரசன் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தான்.

"அண்ணி, நேத்து எடுத்தீங்களா? அந்த மழையிலயா?"

நோட்டை அவள் பக்கம் திருப்பினான். எழுத்து கோணல்மாணலாக வரியை விட்டு இறங்கியிருந்தது.

'நவம்பர் 23. மாலை 6.50. மஞ்சள் ஃபில்டர். சனி இல்லை. தெற்கே தாழ இருக்கும் நட்சத்திரம். எடுத்தது பரிமளா. காற்று 10.'

"பத்தா? அண்ணன் யாருக்கும் பத்து போட்டதே கெடையாதே," என்றான் அறிவரசன்.

பரிமளா இன்னொரு முறை படித்தாள். பிறகு, "டீ குடிச்சீங்களா தம்பி?" என்று கேட்டாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். வந்த சனம் குளித்துக் கலைந்து, வாசல் கழுவி முடித்தபோது ஆறு தாண்டிவிட்டது. ஒன்பது நாள் அடைத்துக் கிடந்த வானம் துடைத்து வைத்தது மாதிரி சுத்தமாகிவிட்டிருந்தது. பார்த்ததும் பரிமளாவுக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரே ஒரு நாள். ஒரு நாள் முன்னால் விட்டிருந்தால் யாருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? டெலஸ்கோப் மாடியிலேயே கிடப்பது ஞாபகம் வந்து ஏறினாள். ஊருக்குக் கிளம்ப நின்ற அறிவரசனும் லேப்டாப்போடு கூட வந்து தார்ப்பாயை விலக்கினான்.

"அதோ அண்ணி, தலைக்கு மேல, அதான் சனி. இன்னிக்கு கோடு சுத்தமா வரும்," என்றான். தயங்கிவிட்டு, "எடுத்துரட்டுமா? அலமாரியில ஒரு எடம் காலியா இருந்துச்சு," என்றான்.

பரிமளா அண்ணாந்து பார்த்தாள். பிறகு தெற்கே, கீழே பார்த்தாள்.

"தாழ ஒண்ணு இருக்கே, அது?"

"அது சும்மா ஒரு நட்சத்திரம் அண்ணி. படத்துல புள்ளிதான் வரும்."

"அத எடுங்க தம்பி," என்று சொல்லி, பெட்டியைத் திறந்து மஞ்சள் ஃபில்டரைத் தேடி எடுத்து, முந்தானையில் துடைத்து நீட்டினாள்.