ஒரு விரல் நீளக் கம்பி

“உள்ள போகாதீங்க அத்தை,” என்று சொல்லிக்கொண்டே சின்னவள் குளியலறைக் கதவின் குறுக்கே வந்து நின்றாள்.

அத்தை தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக நின்றாள். தம்பி செத்துப்போன செய்தி கேட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி நாலு மணி நேரம் நின்றுகொண்டே வந்தவள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

“ஏண்டி, உள்ள யாரு இருக்கா?”

“யாரும் இல்ல. தண்ணி வரல.”

சொல்லி வாயை மூடவில்லை, உள்ளே குழாயிலிருந்து வாளியில் சொட்டு விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அப்பா போன இடத்தைப் பார்க்க மனசு வராமல் பிள்ளை ஏதோ உளறுகிறது என்று நினைத்திருக்க வேண்டும். கன்னத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, “சரிடி, நான் பின்பக்கத் தொட்டியில மொண்டு ஊத்திக்கறேன்,” என்று போய்விட்டாள்.

காலையிலிருந்து இது மூன்றாவது ஆள். பக்கத்து வீட்டுக்காரர் கை கழுவ வந்தார். அம்மாவின் தோழி முகம் கழுவ வந்தாள். ஒவ்வொருவருக்கும் ஒரு பொய் சொல்லியாயிற்று. மாலை நாலு மணிக்குத்தான் எடுக்கிறார்கள். இன்னும் ஐந்து மணி நேரம் இந்தக் கதவை எப்படிக் காப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம், சுவரில், வெள்ளை நிறத்தில் ஒரு சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி இருந்தது. திறந்தால் அந்த நிமிடமே சுடுதண்ணீர் கொட்டும் கரண்ட் ஷவர். அப்பா ஆசைப்பட்டு வாங்கியது. முப்பது வருஷம் பஸ் ஓட்டி வலது தோள் இறுகிப்போன மனிதர். செம்பைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் பாதித் தண்ணீரை முதுகுக்குப் பின்னால் கொட்டுவார். “கைய தூக்காம குளிக்கணும், அவ்வளவுதான் என் லட்சியம்,” என்று சொல்லிச் சிரித்தார்.

மாட்டுவதற்கு முதலில் வயர்மேனைத்தான் கூப்பிட்டார்கள். அவருக்கு அந்தத் தெருவில் ‘நிதானம்’ என்று பெயர். ஒரு பல்பு மாற்றச் சொன்னால்கூட மெயினை அணைத்து, மூன்று தடவை சோதித்து, அதற்குப் பிறகுதான் ஏணியில் ஏறுவார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு போர்டுலேர்ந்து தனியா தடிமனான வயர் இழுக்கணும். இந்த வீட்டுக் குளியலறையில எர்த் இல்ல, அதையும் குடுக்கணும். ரெண்டு நாள் ஆகும்,” என்றார்.

“ரெண்டு நாளா? எங்க வீட்டு மெக்கானிக் ரெண்டு மணி நேரத்துல முடிச்சிடுவா,” என்றார் அப்பா, மகளைப் பார்த்துக்கொண்டே.

மெக்கானிக் என்றால் சின்னவள்தான். செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. வீட்டில் மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் அவள் கை பட்டுப் பிழைத்தவை. அப்பா அப்படிச் சொன்னதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரத்தில் மாட்டிவிட்டாள். குளியலறைக்கு வெளியே இருந்த வாஷிங் மெஷினுக்குப் போகும் வயரிலிருந்தே கரண்ட் எடுத்தாள். பெட்டியிலிருந்து எர்த்துக்காக வந்த பச்சைக் கம்பியை எங்கே கொடுப்பது என்று தெரியவில்லை. சுருட்டி உள்ளேயே வைத்து மூடிவிட்டாள்.

முதல் வாரம் ஷவரைப் போட்டால் போதும், மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானே அணையும் டிரிப் ஸ்விட்ச் பட்டென்று விழுந்து வீடே இருண்டுவிடும். அப்பா சோப்பு நுரையோடு உள்ளேயிருந்து, “ஏ மெக்கானிக்,” என்று கத்துவார். நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் ஒரு விரல் நீளத்துக்குக் கம்பி வெட்டி, அந்த டிரிப் ஸ்விட்சைத் தாண்டி டைரக்ட் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் விழவில்லை.

அப்பாதான் ஒன்று சொன்னார். “தண்ணி மேல பட்டா சுருசுருன்னு இழுக்குது.”

அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. காலில் எறும்பு ஊருது, உள்ளங்கையில் ஊசி குத்துது என்று தினமும் ஒரு புகார் இருக்கும். அம்மா உடனே, “ராத்திரி மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டாள். சின்னவள், “தண்ணிக்குக்கூட உங்களைப் பிடிக்கலப்பா,” என்றாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா ஷவர் பக்கமே போகாதவள். அவளுக்குச் செம்பில் மொண்டு ஊற்றினால்தான் குளித்த மாதிரி. சின்னவளுக்கு ஒரு நாள் ஷவர் குழாயைத் தொட்டபோது விரல் நுனியில் சுருக்கென்றது. கடையில் சூடு பட்ட விரல், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

இன்று காலை ஆறு மணிக்கு உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா கதவைத் தட்டினாள். பதில் இல்லை. சின்னவள் தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தாள். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சின் மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, கண் பாதி திறந்திருந்தது.

அவள் அப்பாவைத் தொடவில்லை. முதலில் கதவுக்கு வெளியே இருந்த ஷவர் சுவிட்சை அணைத்தாள். பிறகுதான் உள்ளே ஓடினாள்.

டாக்டர் வந்து பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் வைத்த ஸ்டென்ட்டின் சீட்டைக் காட்டினார்கள். “ஹார்ட்தான். தூங்கற மாதிரி போயிருக்காரு,” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லோரும் நல்ல சாவு என்றார்கள். சின்னவளுக்கு மட்டும் ஒரே ஒரு கேள்வி இருந்தது. ஹார்ட் என்றால், என் கை ஏன் முதலில் சுவிட்சுக்குப் போனது?

ஹாலில் வாடகைக் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடி மூடி, சுற்றிலும் இரும்பு விளிம்பு. அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் அழுதார்கள். பெட்டியின் வயர் சுவர் பிளக்கில் செருகியிருந்தது. அந்தப் பிளக்குக்கும் அதே மெயின் போர்டுதான், அவள் கம்பி போட்டு வேலைசெய்யாமல் ஆக்கிய அதே டிரிப் ஸ்விட்ச்தான். பெட்டிக்குள் ஏதாவது ஒரு கம்பி உரசினால் போதும், தடுக்க ஒன்றுமில்லை. மெயினை அணைத்துவிடலாம் என்றால் அப்பா குளிர்பெட்டிக்குள் இருக்கிறார்.

கைப்பையிலிருந்து, கரண்ட் இருந்தால் உள்ளே விளக்கு எரியும் டெஸ்டரை எடுத்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு போனாள். மாலையைச் சரிசெய்வதுபோல் குனிந்து அதன் முனையை இரும்பு விளிம்பில் வைத்தாள். எரியவில்லை. நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தாள். எதிலும் எரியவில்லை. திரும்பிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அத்தை ஈரத் தலையோடு வந்து இரண்டு கையாலும் விளிம்பைப் பற்றிக்கொண்டதும் மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது.

“அத்தை, அதைத் தொடாதீங்க.”

“என் தம்பிடி அது,” என்றாள் அத்தை. சுற்றியிருந்தவர்கள் சின்னவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். அம்மா காலையிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினொன்றரை மணிவாக்கில் நிதானம் வந்தார். வாசலில் நின்று சட்டைப் பட்டனைச் சரியாகப் போட்டுக்கொண்டு, உள்ளே வந்து பெட்டியருகே கொஞ்ச நேரம் நின்றார். திரும்பும்போது வழக்கப்படி அவர் கண் பெட்டியின் வயரைத் தொடர்ந்து சுவருக்கும், சுவரிலிருந்து போர்டுக்கும் போனது. சின்னவள் அதைப் பார்த்துவிட்டாள். அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, கொஞ்சம் வாங்க.”

நடைவழியில் இருந்த போர்டைத் திறந்து காட்டினாள். அந்தச் சின்னக் கம்பியை அவர் வெகுநேரம் பார்த்தார்.

“யாரு பண்ணது?”

“நான்தான்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வாரமா.”

“ஷவருக்கு எர்த்?”

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர் குளியலறைக்குள் போனார். ஷவரில் இருந்த இரும்புச் சுருள் குழாயில் தன் டெஸ்டரை வைத்துக்கொண்டு, “வெளிய நின்னு சுவிட்சப் போடும்மா,” என்றார். அவள் போட்டாள். டெஸ்டருக்குள் செம்மஞ்சளாக ஒரு பொட்டு எரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். “போதும், அணைச்சிடு.”

“அண்ணே, இதனாலயா?”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஹார்ட்டுன்னு.”

“முன்னாடியே இருந்ததா?”

“ஸ்டென்ட் வச்சிருக்கு.”

“அப்ப அதுவாத்தான் இருக்கும்,” என்றார். ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே, கொஞ்ச நேரம் கழித்து, “அதுவாவும் இருக்கலாம்,” என்றார்.

பெட்டியைச் சுவரிலிருந்து எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வைத்தார். வயர் முனைகளுக்கு டேப் சுற்றினார். பிறகு போர்டுக்கு வந்து மெயினை அணைத்தார். ஹாலில் குளிர்பெட்டியின் உறுமல் நின்றது, மின்விசிறி மெதுவாகி நின்றது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு நிமிடம் அடங்கினார்கள். கரண்ட் இல்லாத அந்த மூன்று நிமிடம்தான் இன்று முழுவதிலும் சின்னவள் பயமில்லாமல் மூச்சுவிட்ட நேரம். அவர் கம்பியை எடுத்துவிட்டு ஸ்விட்சைப் பழையபடி இணைத்து மெயினைப் போட்டார்.

“நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அது உங்க வீட்டு விஷயம்,” என்றார் போகும்போது. “ஆனா அந்தப் பெட்டிய இன்னொரு சுவத்துல மாட்டிடாதீங்க.”

ஒரு மணிக்கு வெளியூரிலிருந்து அண்ணன் வந்தான். மனைவிக்குப் பிரசவம் நெருங்கியிருந்ததால், ஐந்து வயது மகளை மட்டும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தான். குழந்தை வழியெல்லாம் வாந்தி எடுத்து நாறிக் கிடந்தது. அண்ணன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அழுது ஓய்ந்ததும் குழந்தையைக் குளிப்பாட்டத் தூக்கிக்கொண்டு போனான். சின்னவள் பின்னாலேயே ஓடினாள்.

“இங்கதானே ஷவர் இருந்தது?” என்றான், சுவரில் இருந்த நாலு ஓட்டையைப் பார்த்து.

“கழட்டியாச்சு.”

“ஏன்? போன்ல அதைப் பத்தியேதான் பேசுவாரு. மெக்கானிக் மாட்டிக் குடுத்தா, ராஜா மாதிரி குளிக்கறேன்னு.” அவன் கண் அங்குமிங்கும் தேடியது. மெஷினுக்குப் பின்னால் இருந்த பையை எடுத்துப் பிரித்தான். பெட்டியைத் துடைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். “இத நான் கொண்டுபோறேன். எங்க வீட்டுல மாட்டிக்கறேன். இவளுக்கும் சுடுதண்ணி, எனக்கும் அப்பா ஞாபகமா இருக்கும்.”

“அது ரிப்பேருண்ணா.”

“நீ இருக்கறப்ப ரிப்பேரா? சரி பண்ணிக் குடு. நீயே வந்து மாட்டிக் குடு.”

இன்னொரு பொய் நாக்கின் நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். குழந்தை அவன் காலைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தது.

“அதுல கரண்ட் அடிக்குது,” என்றாள்.

“இப்பவா?”

“மாட்டின நாள்லேர்ந்தே, மூணு வாரமா. நான் தப்பா மாட்டிட்டேன். எர்த் குடுக்கல. டிரிப் ஸ்விட்ச் விழுந்துக்கிட்டே இருந்தது, அதையும் டைரக்ட் பண்ணிட்டேன்.”

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், பெட்டியை நெஞ்சிலிருந்து விலக்கிக் கையை நீட்டிப் பிடித்தான்.

“டாக்டர் ஹார்ட்டுன்னாரே.”

“ஆமா.”

“அப்பா உன்கிட்ட சொன்னாரா? கரண்ட் அடிக்குதுன்னு?”

“சுருசுருன்னு இழுக்குதுன்னு சொன்னாரு. நாங்க சிரிச்சோம்.”

நடைவழியில் அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

“அவ முதல்ல சுவிட்சத்தான் அணைச்சா,” என்றாள் அம்மா. “நான் பின்னாடிதான நின்னேன்.” குரலில் கோபம் இல்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “நானும்தான் சிரிச்சேன்,” என்று சொல்லிவிட்டு ஹாலுக்குத் திரும்பிப் போனாள்.

அண்ணன் அடிப்பான், கத்துவான், ஹாலில் இருப்பவர்களைக் கூப்பிடுவான் என்று சின்னவள் காத்திருந்தாள். சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவன் பெட்டியைத் தரையில் வைத்தான், பிறகு காலால் தூரத் தள்ளினான்.

“அப்பா, குளிருது,” என்றது குழந்தை. சட்டையைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தது.

அவன் குளியலறையை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். டேப் சுற்றிய வயர், ஈரத் தரை, பித்தளைக் குழாய், அதற்குக் கீழே வாளி. பிறகு வேகமாக வாசலுக்குப் போய்த் தன் ரப்பர் செருப்பை எடுத்துவந்து குழந்தையின் காலடியில் போட்டான்.

“இதப் போட்டுக்க.”

“பெருசா இருக்கு.”

“பரவால்ல. கழட்டக் கூடாது.”

குழந்தை செருப்புக்குள் காலை விட்டு, நழுவாமல் இருக்க விரல்களை மடக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றது. அண்ணன் குழாய் வரைக்கும் கையைக் கொண்டுபோய் நிறுத்தினான். தங்கையைத் திரும்பிப் பார்த்தான்.

“நீ திற.”

சின்னவள் வெறுங்காலோடு ஈரத்தில் இறங்கிக் குழாயைத் திறந்தாள். அவன் குழந்தையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, வாளியில் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.