நவீனுக்கு எழுதிய பத்தி

யாதகிரி ஒட்டினான், அனுப்பினான். அதற்குப் பிறகுதான் படித்தான்.

ஹைதராபாத்தில் அவன் மேசைமேல் இருந்தது ஒரு கணினி; அதன் திரைக்குள் திறந்து கிடந்தது டென்மார்க் அலுவலகத்தில் இருக்கும் இன்னொன்று. எழுதுவது இங்கே, ஒட்டுவது அங்கே. அவன் பொறுப்பிலுள்ள குழுவில் யாரை வைத்துக்கொள்ளலாம், யாரை அனுப்பிவிடலாம் என்று ஆளுக்கொரு பத்தி கேட்டிருந்தார்கள். நவீனுக்கு ‘வேகம் போதாது, விடுவிக்கலாம்’ என்று எழுதி ஒட்டியாயிற்று. அடுத்தது ஸ்ரவந்தி. மனசாரப் புகழ்ந்து எழுதித்தான் நகலெடுத்தான். ஆனால் இரண்டு கணினிக்கும் நடுவிலுள்ள தொடர்பு சில சமயம் மக்கர் பண்ணும். புதியது போகாமல் பழையதே போய் விழும். ஸ்ரவந்தியின் பெயருக்குக் கீழே நவீனின் பத்தி உட்கார்ந்திருந்தது. அனுப்பியதைத் திரையில் திருத்த வழியில்லை.

துபாயில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து திரும்பிய புருஷனை வைத்துக்கொண்டு, இந்த ஒரு சம்பளத்தில்தான் ஸ்ரவந்தி குடித்தனம் நடத்துகிறாள். டென்மார்க்குக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்தது. போனைக் கையில் எடுத்தும் விட்டான். போன மாதம் தவறான கோப்பை அனுப்பியபோது அங்கிருந்த மேலாளர் சொன்னது நினைவுக்கு வந்தது: இன்னொரு தடவை நடந்தால் உன்னைப் பற்றியே யோசிக்க வேண்டியிருக்கும். போனைக் கவிழ்த்து வைத்தான். மீதிப் பேருக்கும் ஒட்டியாக வேண்டும்; இந்த மக்கரைச் சரிசெய்யத் தெரிந்தவள் அவள்தான்.

“ஸ்ரவந்தி, கொஞ்சம் வாம்மா. எதை ஒட்டினாலும் பழசே விழுது.”

“மறுபடியுமாண்ணா? நீங்க தொட்டாலே அதுக்குக் காய்ச்சல் வந்துடுது.”

“மிளகாய் சுத்திப் போடுக்கா, கண்ணு பட்டிருக்கும்,” என்று பின்னாலிருந்து நவீன் சிரித்தான்.

அவள் தொடர்பைத் துண்டித்து மீண்டும் இணைத்தாள். அங்கே ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, சரியாகிவிட்டதா என்று பார்க்க, அவன் கடைசியாக நகலெடுத்திருந்ததை ஒட்டினாள்.

‘ஸ்ரவந்தி இல்லாமல் இந்தக் குழு நடக்காது. கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும்.’

அவள் இரண்டு முறை படித்தாள்.

“அண்ணா... என்னைப் பத்தியா?”

“ம்.”

“அனுப்பிட்டீங்களா?”

“அனுப்பியாச்சு.”

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் அரிசிமாவில் எள் போட்டுத் தட்டிய சர்வப்பிண்டி அடையில் பாதியை வைத்துக்கொண்டு வந்தாள். “அவர்கிட்ட போன்ல சொல்லிட்டேன்ணா. ‘உங்கண்ணனுக்கு முதல்ல கொடு’ன்னார். ரெண்டு வாரமா மனுஷன் சரியாத் தூங்கல.”

அவள் போனதும் அந்தப் பத்தியை அழித்தான். வெற்றுப் பக்கத்தில் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டான். நன்றாகத்தான் இருந்தது. பல்லிடுக்கில் சிக்கிய எள்ளை நாக்கால் நெம்பியபடி, இன்னொரு துண்டு பிட்டான்.