நூற்று நாற்பத்தாறாவது படம்

உக்குவளையில் ஹிதாயாவின் சாச்சி, உம்மாவின் தங்கை றஸ்மியாவின் வீட்டு ஹோலில் அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு நான்கு பேர் இருந்தார்கள். வாப்பா நுஹ்மான் கதவோரப் பிளாஸ்டிக் கதிரையில். உம்மா நூருன்னிஸா நிவாரணத்தில் கிடைத்த பாயில், வலிக்கும் காலை நீட்டியபடி. சாச்சி தையல் மெஷினுக்கு முன்னால். ஹிதாயா தரையில், சாச்சியின் பழைய லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு.

மலை சரிந்து மூன்று மாதமாகியிருந்தது. ஹிதாயா குடும்பத்தின் வீடு நின்ற இடத்தில் இப்போது மண்தான். பார்க்க வந்த புதிய உத்தியோகத்தர் ‘தற்காலிகக் கொட்டில்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். கொட்டிலுக்கு மாற்றுக் காணி கிடையாது. கல்வீடு என்று காட்ட, சரிவுக்கு முன் எடுத்த படம் வேண்டும். மேன்முறையீட்டை நாளைக்குத் தபாலில் சேர்த்தாக வேண்டும். ஆல்பங்களும் போன்களும் வீட்டோடு புதைந்துவிட்டன. சொந்தக்காரரிடம் கிடைத்த கல்யாணப் படங்களில் முகங்களும் திரைச்சீலையும்தான்.

மிஞ்சியது ஹிதாயா இணையத்தில் போட்டிருந்த ஒரு வீடியோ. வீடு கட்டிக் குடும்பம் நடத்தும் கணினி விளையாட்டொன்றில், டேப் பிடித்து அளந்த அளவுப்படியே அவள் அந்த வீட்டைக் கட்டியிருந்தாள். கமராவை அசைக்காமல் ஒரு சுவர் வைத்து ஒரு படம், அடுத்த சுவர் வைத்து அடுத்த படம். நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் ஒட்டி ஓடவிட்டால் வீடு தானாக எழும்பும்.

“எத்தன பேர் பார்த்தாங்க?” என்றாள் சாச்சி.

“நாப்பத்தொரு பேர்.”

“யா அல்லாஹ்! பெருநாளைக்கும் ராத்தாட வீட்டுக்கு அவ்வளவு சனம் வந்ததில்லயே.”

உம்மாகூடச் சிரித்துவிட்டாள். வீடியோ ஓடியது. வாப்பா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்து சமையலறைச் சுவரைக் காட்டினார்.

“அந்தா குசினி. சரியா இரிக்கி. திகதியும் சரிவுக்கு முந்தினது. இதுக்கு மேல என்ன ஓனும்?”

அப்போது முன்வாசல் பக்கம் ஒரு படிக்கட்டு ஏறியது. மேலே இன்னொரு சுவர் முளைத்தது.

“இதென்ன புள்ள?”

“மாடி, வாப்பா.”

“எங்கட வீட்டுல எங்க மாடி?”

“கட்டுவேன்னு வருஷா வருஷம் சொன்னீங்கதானே. அதான் வச்சேன்.”

வாப்பா கதிரையில் பின்னால் சாய்ந்தார். சாச்சிதான், “அந்த மாடிய எடுத்துப்போட ஏலாதா?” என்றாள்.

“விளையாட்டு என்ட லெப்டொப்ல சாச்சி, அது மண்ணுக்குள்ள. புதுசா கட்டினா திகதி புதுசாயிரும்.”

“மேலால வெட்டிப்போடு,” என்றார் வாப்பா.

கடைசிப் படத்தின் மேற்பாதியை வெட்டிப் பார்த்தாள். படிக்கட்டு மட்டும் ஒன்றுமில்லாத இடத்துக்கு ஏறி நின்றது. பார்த்தவுடன் பொய் தெரிந்தது.

ஒரு படத்தில் வைத்தது அதற்குப் பின்வரும் எல்லாப் படத்திலும் நிற்கும். படிக்கட்டு வந்தது நூற்று நாற்பத்தேழில். எதையும் ஒழுங்காகச் செய்பவள் ஹிதாயா: முதலில் சுவர்கள் எல்லாம், பிறகு கூரை, கடைசியில் கதவும் ஜன்னலும். ஆகவே பொய் கலக்காத கடைசிப் படம் நூற்று நாற்பத்தாறு. நான்கு அறைகளின் சுவர்கள், மேலே வெறும் வானம்.

“இத அனுப்பினா பாதியில நிப்பாட்டின வீடும்பாங்க,” என்றாள் உம்மா.

“மாடியோட அனுப்பினா பொய்க்காரன்னு எல்லாத்தையும் தள்ளிப்போடுவாங்க,” என்றார் வாப்பா. “இதயே அனுப்பு.”

கொமியூனிகேஷன் கடையில் படத்தை அச்செடுத்து வந்து, ஹிதாயா கடிதத்தைப் பந்தி பந்தியாக இலக்கமிட்டு எழுதினாள். ஐந்தாவது பந்தி: ‘இணைத்துள்ள படம் எமது வீட்டின் அளவுப்படி கணினி விளையாட்டில் செய்யப்பட்டது. வீட்டுக்குக் கூரையும் ஏழு ஜன்னல்களும் இரண்டு கதவுகளும் இருந்தன. படத்தில் அவை இல்லை.’ வாசித்துப் பார்த்தாள். அவளே உத்தியோகத்தராக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். வேறு எழுத ஒன்றுமில்லை. வாப்பா வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

மறுநாள் காலை தபாற்கந்தோரில் கடித உறையை நாக்கால் நனைத்து ஒட்டினாள். ஓரம் எழும்பியது, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதிவுத் தபால் இலக்கத்தை ஒட்டி, முத்திரை குத்தி, லிகிதர் அதைப் பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டார்.